மறுபடி ஓட்டிப் பார்

எங்கள் கட்டடத்தில் லிஃப்டில் ஏறாதவள் நான் ஒருத்திதான். எட்டாவது மாடியில் குடியிருந்துகொண்டு, காய்கறிப் பையும் மடிக்கணினியுமாகப் படியேறி, வாசலில் வந்து நாக்குத் தள்ள நிற்பேன். கதவைத் திறக்கும் என் கணவர் தவறாமல், "மலையேறி வந்த மகராசி, உள்ள வாங்க" என்பார். பதில் சொல்லத் தெம்பு இருக்காது. முறைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவேன்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அந்த லிஃப்டின் மூளை எங்கள் கம்பெனியில் செய்தது. கயிறும் மோட்டாரும் வேறு யாரோ செய்தவை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்கிற நிரல்தான் எங்களுடையது. அதில்தான் நான் தினமும் குப்பை கொட்டுகிறேன். சமையலறையைப் பார்த்தவன் அந்த ஓட்டலில் கை நனைப்பானா? நான் சமையலறைக்குள்ளேயே குடியிருக்கிறவள்.

அந்த நிரலை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே கதவு வேலைக்கு 'கதவு', 'புதுக் கதவு', 'நிஜமான புதுக் கதவு' என்று மூன்று பகுதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருப்பது நடுவில் உள்ளது. ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இன்னோரிடத்தில், "இந்த வரியைத் தொடாதே, தொட்டால் அழுவாய்" என்று ஒரு குறிப்பு. எழுதிய மகானுபாவர் வேலையை விட்டுப் போய் யுகமாகிறது. நான் தொடவில்லை, தொடாமலேயே அழுதுகொண்டிருக்கிறேன்.

கருவிகளாவது உருப்படியா என்றால் அதுவும் கிடையாது. தப்பு இருக்கும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்ட ஒரு கருவி வாங்கினார்கள். முதல் நாளே ஆயிரக்கணக்கில் கோடு போட்டது. பார்த்தார்கள், பழைய கோடுகளையெல்லாம் காட்டாதே என்று அதற்கு உத்தரவு போட்டுவிட்டார்கள். இப்போது திரை பளிச்சென்று இருக்கிறது. குறைகளைப் பதிவதற்கு இன்னொரு கருவி. ஒரு குறையை யாரும் கொஞ்ச காலம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றால், 'அசைவில்லாததால் மூடப்பட்டது' என்று அதுவே மூடி எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். யாரும் பார்க்கவில்லை என்பதுதானே என் புகாரே! அந்த அஞ்சலைப் பார்க்கும்போதெல்லாம் கணினியைத் தூக்கி ஜன்னல் வழியே போடலாமா என்று கை துறுதுறுக்கும்.

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. நிரலில் ஏதாவது மாற்றினால், அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதனைகள் தானாக ஓடும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. காலையில் உள்ளே நுழையும்போதே அவர் "பச்சையா?" என்றுதான் கேட்பார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, வாயே திறக்காதவர். அவருக்குச் சிவப்பு மட்டும் ஆகாது.

அந்தச் சோதனைகளில் கதவுச் சோதனை என்று ஒன்று உண்டு. கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் கிளம்பக் கூடாது. அவ்வளவுதான் அது பார்ப்பது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆனால் சில நாள் அது பச்சை, சில நாள் சிவப்பு. முதன்முதலாக நான் அதைப் பார்த்தபோது பச்சையிடம் போய் நின்றேன்.

"அது பைத்தியம் பிடிச்ச டெஸ்ட்மா. அதுக்கெல்லாம் பயந்தா முடியுமா? மறுபடி ஓட்டிப் பாரு, சரியாயிடும்" என்றார்.

மறுபடி ஓட்டினேன். பச்சை. கொஞ்ச நாளில் அதைக் கையால்கூட ஓட்ட வேண்டாம் என்றாகிவிட்டது. தவறினால் தானாகவே இன்னும் இரண்டு முறை ஓட்டு, மூன்றில் ஒன்று தேறினால் போதும் என்று கருவியிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். நாளடைவில் அது எங்கள் குழுவின் தாரக மந்திரமாகிவிட்டது. எது தவறினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மறுபடி ஓட்டிப் பார் என்பார்கள்.

"பிள்ளை மூணு தடவை ரோட்டைக் கடந்து ஒரு தடவை உயிரோட வந்தா போதுமா சார்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"உன் வாய்க்கு நீ வக்கீலாப் போயிருக்கணும்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இந்தச் சிரிப்பெல்லாம் ஆபீசோடு போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்துப் பழைய லிஃப்ட் மண்டையைப் போட்டது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஓடியாடிப் புதிய லிஃப்ட் வாங்கினார். திறப்பு நாளில் உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டன் பலகையின் கீழ் மூலையில் எங்கள் கம்பெனி முத்திரை. அன்றே படிக்கட்டுக்கு மாறிவிட்டேன்.

எனக்காகப் பயந்திருந்தால் படியேறிப் பிழைத்துக்கொள்வேன். பயம் அத்தைக்காக. என் மாமியார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர். பழைய லிஃப்ட் கெட்டுக் கிடந்த காலம் முழுக்க எட்டாவது மாடி ஜன்னலே கதியென்று கிடந்தார். கீழே குழந்தைகள் விளையாடுவதை மேலிருந்து பார்த்து, "அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் இன்னிக்கு வரலையே, உடம்பு சரியில்லையோ?" என்று என்னிடம் கேட்பார். அந்தப் பையன் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. மனுஷி கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தார். புது லிஃப்ட் வந்த நாளில் தலையைச் சீவி, பவுடர் போட்டு, கைத்தடியோடு வாசலில் தயாராக நின்றார்.

"அத்தை, வேண்டாம். அந்த லிஃப்டோட வண்டவாளம் எனக்குத் தெரியும். எங்க கம்பெனிதான் செஞ்சது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "நீ செஞ்சதா? அப்படீன்னா நம்ம லிஃப்ட்னு சொல்லு!"

தலையில் அடித்துக்கொண்டேன். அவரைப் பயமுறுத்த நான் சொன்ன செய்தியை அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் மருமக எழுதின லிஃப்ட்" என்று. என் கணவரிடம் முறையிட்டால், "ஊர்ல இத்தனை பேரு ஏறி இறங்கறாங்க, உனக்கு மட்டும் என்ன? ஆபீஸ் கோபத்தை லிஃப்ட் மேல காட்டாதே" என்றார். அவரிடம் கதவுச் சோதனையை விளக்கினேன். "இப்ப பச்சையா, சிவப்பா?" என்றார். பச்சைதான் என்றேன். "அப்புறம் என்ன?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

அத்தை சும்மா போய்வரவில்லை. லிஃப்டுக்குத் தன்னைத் தானே காவலாக நியமித்துக்கொண்டார். சாயங்காலமானால் இறங்குவார், ஏறுவார், மறுபடி இறங்குவார். யாராவது பையோடு தூரத்தில் வருவது தெரிந்தால், கதவைத் திறந்துவைக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, அவசரமில்ல, நான் பிடிச்சிட்டிருக்கேன்" என்பார். நேரமாகிவிட்டது கதவை விடு என்று பஸ்ஸர் கீச்சிடும். "நீ கத்திக்கிட்டே இரு" என்று அதற்கும் பதில் சொல்வார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவர் கீழே இறங்கியதிலிருந்து மேலே வந்து சேரும்வரை எனக்கு உயிர் உடம்பில் இருக்காது.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. என் கணினியில் மட்டும் அந்த மறுபடி ஓட்டும் ஏற்பாட்டை நிறுத்தினேன். எங்கள் ஆபீஸ் மூலையில் ஒரு மரப்பலகை உண்டு. லிஃப்டின் மூளைப் பெட்டியை அதில் ஆணியடித்து மாட்டி, மோட்டாருக்குப் பதில் ஒரு விளக்கு, கதவுக்குப் பதில் ஒரு விளக்கு, பட்டன்கள் என்று வைத்திருப்போம். நிஜ லிஃப்ட் இல்லாமலே வேடிக்கை பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனதும் அதன் முன்னால் உட்கார்ந்து கதவுச் சோதனையை ஓட்டினேன். பச்சை. திரும்ப ஓட்டினேன். பச்சை. கை சலிக்க ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

சிவப்பு வந்தது. பலகையைப் பார்த்தேன். 'கதவு திறந்திருக்கிறது' விளக்கும் எரிந்தது, 'மோட்டார் ஓடுகிறது' விளக்கும் எரிந்தது. இரண்டும் சேர்ந்து, அமைதியாக எரிந்துகொண்டிருந்தன.  எழுந்து ஓடிப் பச்சையைக் கையோடு இழுத்து வந்தேன்.

அவர் இரண்டு விளக்குகளையும் பார்த்தார். பார்த்தார் என்று நிச்சயமாகச் சொல்வேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் குனிந்தே நின்றார். பிறகு எனக்கு முன்னால் கையை நீட்டி, மறுபடி ஓட்டினார். மோட்டார் விளக்கு அணைந்தது. திரை பச்சையானது.

"பாத்தியா?" என்றார். "பலகையில வயர் லூஸா இருக்கும்மா. அடுத்த வெளியீடு தலைக்கு மேல நிக்குது, இதுல போய் நேரத்தை விடாதே. எனக்கு மீட்டிங் இருக்கு." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் லூஸாக இல்லை. சரி, என்று அந்தச் சிவப்பின் பதிவை எடுத்துவைத்துக்கொண்டு, தொட்டால் அழுவாய் என்று எழுதியிருந்த இடத்திலிருந்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தேன். இன்னொரு சிவப்புக்காகக் காத்திருந்து, அதையும் இதையும் ஒப்பிட்டேன். சாயங்காலம் நெருங்கும்போது புரிந்துவிட்டது.

லிஃப்டுக்குள் பாரம் ஏறினால் கயிறு கொஞ்சம் இழுபட்டு லிஃப்ட் ஒரு விரல் அளவு இறங்கும். வாசலும் தரையும் சமமாக இருப்பதற்காக, கதவு திறந்திருக்கும்போதே அது அந்த ஒரு விரலை ஏறிக்கொள்ளும். கதவு திறந்திருந்தால் மோட்டாரை ஓடவிடாத பூட்டு ஒன்று இருக்கிறது. அந்த ஒரு விரலுக்காக, 'கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்' என்று அந்தப் பூட்டிடம் எங்கள் நிரல் சொல்லும். ஏறி முடித்ததும், 'கண்ணைத் திற' என்று சொல்ல வேண்டும். கதவைத் திறந்துவைக்கும் பட்டனை யாராவது பஸ்ஸர் அடிக்கும் அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்து, அந்த நேரத்தில் பாரம் ஏறினால், இரண்டாவது வரிக்கு நிரல் போகவே போகாது. பூட்டு கண்ணை மூடியபடியே இருக்கும். பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. விரலை எடுத்த அடுத்த நொடி, வேறு மாடியில் யாராவது கூப்பிட்டிருந்தால், கதவு திறந்தது திறந்தபடியே லிஃப்ட் கிளம்பிவிடும். சோதனை இவற்றையெல்லாம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் கொடுத்துப் பார்ப்பதால், எப்போதாவதுதான் இந்த வரிசை அமைந்து சிவப்பு வரும்.

பஸ்ஸர் அடித்த பிறகும் பட்டனை விடாமல் பிடித்திருக்கும் ஆள் யார் இருப்பார்கள் என்று யோசித்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது தெரிந்தது, எழுந்தது தெரியவில்லை.

அத்தைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே போகும்போது போனைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கணவருக்கு அடித்தேன்.

"அம்மா எங்க?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன். அம்மா இந்நேரம் டூட்டில இருப்பாங்க. ஏன், என்னாச்சு?"

"லிஃப்ட்ல ஏற வேண்டாம்னு சொல்லுங்க!"

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு போனைத் துண்டித்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. பச்சை மீட்டிங் அறைக்குள் இருந்தார். டாக்சியில் ஏறி, ஓட்டுநரிடம், "அண்ணே, உயிர் போற அவசரம்" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை. வழியெல்லாம் எனக்கு அந்த இரண்டு விளக்குகள்தான் கண்ணில் நின்றன. ஒவ்வொரு சிக்னலிலும் மனம் ஒரு கோரத்தை வரைந்து காட்டியது. அத்தையின் கைத்தடி பாதி உள்ளே பாதி வெளியே. அத்தையின் கால் பாதி உள்ளே பாதி வெளியே. கடவுளே, இன்றைக்கு மட்டும் யாரும் பையோடு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கட்டட வாசலில் இறங்கும்போதே பஸ்ஸர் கேட்டது.

தரைத்தளத்தில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே அத்தை, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டனை அமுக்கியபடி சிரித்த முகமாக நின்றிருந்தார். மூன்றாவது மாடி இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, அந்த அகலமான குழந்தை வண்டியை வாசலில் நேராக்க முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே. இரண்டு பிள்ளைகளும் கால்களை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தன. லிஃப்டுக்கு மேலே உள்ள சின்னத் திரையில் மேல்நோக்கிய அம்புக்குறி. யாரோ மேலே கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அத்தை, கைய எடுக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் இரண்டும் வீறிட்டன. அத்தை திடுக்கிட்டார். விரல் நழுவவில்லை. அந்த ஒரு கணத்துக்காக இப்போதும் யாருக்கு நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"என்னடி இது, பிள்ளைங்க பயந்துபோச்சு. நான் எங்க எடுத்தேன்?" என்றார்.

"எடுக்காதீங்க. அப்படியே இருங்க. நீ வண்டியை வெளிய இழு. உள்ள தள்ளாதே, வெளிய இழு!" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டாள். இருவருமாக வண்டியை வெளியே இழுத்தோம். சக்கரம் வாசல் இடுக்கில் மாட்டி ஒரு முறை நின்றது. அத்தையின் விரலையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். வந்துவிட்டது.

இனி அத்தை. பட்டன் உள்ளே இருக்கிறது. விரலை எடுத்தால்தான் அவர் வெளியே வர முடியும். விரலை எடுத்தால் லிஃப்ட் கிளம்பிவிடும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஓர் அடி எடுத்துவைக்க நான் இரண்டு மூச்சு விடலாம். வேறு வழியில்லை. உள்ளே காலை வைத்தேன்.  அத்தையின் விரல்மேல் என் விரலை அழுத்தினேன்.

"மெதுவா உங்க விரலை உருவுங்க. நான் அமுக்கிட்டிருக்கேன்."

"உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமாம் அத்தை, பைத்தியம்தான். உருவுங்க."

அவர் உருவினார். நடுவில் ஒரு மயிரிழை நேரம் பட்டன் மேலே வந்ததுபோல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். லிஃப்ட் அசையவில்லை. அத்தை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி, ஒவ்வொரு காலாக வெளியே வைத்தார். அவருடைய இரண்டாவது செருப்பு தரையைத் தொட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் குதித்துவிடலாம். வயதும் இருக்கிறது, முட்டியும் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் விட்டால் லிஃப்ட் மேலே போகும், கீழே வாசல் திறந்தபடி குழியாக நிற்கும். அதன் விளிம்பில் அழுகிற பிள்ளைகளும் தடுமாறுகிற அத்தையும். மேலே எந்த மாடியில் யார் எட்டிப் பார்ப்பார்களோ, அதுவும் தெரியாது. விடமுடியாது. 

"யாருப்பா கீழ? எவ்வளவு நேரமா கதவைப் பிடிச்சிட்டு நிப்பீங்க?" படிக்கட்டுச் சந்து வழியே செயலாளரின் குரல் மேல்மாடியிலிருந்து இறங்கியது. கூப்பிட்டது அவர்தான். மோட்டார் அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும்.

"சார்! லிஃப்ட் கெட்டுப்போச்சு! மோட்டார் ரூமுக்குப் போய் மெயினை அணைங்க!" என்று அலறினேன்.

"மெயினா? சரி சரி, போறேன்!" என்றார்.

அவர் காலடி மேலே நகர்ந்த பிறகு எனக்கு அடுத்த பயம் வந்தது. மின்சாரம் போனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற ஒரு பேட்டரி இருக்கிறது. அது லிஃப்டை அடுத்த மாடிக்கு இழுத்துப் போகும். அந்தப் பகுதியை நான் எழுதவில்லை, படித்ததும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பூட்டை அது மதிக்குமா, மதிக்காதா? இடதுகையால் போனை எடுத்துப் பச்சைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"என்னம்மா, மீட்டிங்ல…" என்று ரகசியக் குரலில் பேசினார்.

"சார், மின்சாரம் போனா பேட்டரி கதவுப் பூட்டைப் பார்க்குமா, பார்க்காதா? சீக்கிரம் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது? எங்க இருக்கே நீ?"

"எங்க வீட்டு லிஃப்டுக்குள்ள நிக்கிறேன். கதவு திறந்திருக்கு. பஸ்ஸர் அடிக்குது, கேக்குதா?"

அந்தப் பக்கம் ஏதோ கவிழ்ந்து விழும் சத்தம். பிறகு அவர் கத்தினார். மீட்டிங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். "பட்டனை விட்டுடாதே! என்ன ஆனாலும் கைய எடுக்காதே! மெயினை யாரும் தொடக் கூடாது, பேட்டரி இழுத்துடும். மோட்டார் பக்கத்துல சிவப்பா ஒரு குமிழ் இருக்கும், அதை அமுக்கச் சொல்லு. அது நேரா வயர்ல போகுது, நம்ம புரோகிராம் அதுல கிடையாது!"

"மெயின் வேண்டாம்! சிவப்புக் குமிழ்!" என்று கத்தினேன். பஸ்ஸரில் என் குரல் மேலே போய்ச் சேருமா என்று தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, "பாத்துக்கோங்கம்மா" என்று வண்டியை அத்தையிடம் தள்ளிவிட்டு, படிகளில் பாய்ந்தாள். இரண்டு மூன்று படிகளாகத் தாவுகிற சத்தமும் "அங்கிள்! மெயினைத் தொடாதீங்க! சிவப்புக் குமிழ்!" என்கிற குரலும் மாடி மாடியாக மேலே போயின. அத்தை கீழிருந்து, வாழ்நாளில் அவர் எழுப்பாத குரலில், "மெயின் வேண்டாமாம்யா! கேக்குதா, வேண்டாமாம்!" என்று கூவினார்.

நான் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நகம் வெளுத்துவிட்டது. வியர்வையில் விரல் வழுக்குவதுபோல் இருந்தது. அடுத்த விரலையும் சேர்த்து வைத்தேன். அழுதேன். அத்தை பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. இந்தப் பூட்டுக்குக் கண்ணைத் திறக்கச் சொல்ல ஒரு வரி போதும், ஒரே ஒரு வரி, அதை எழுத யாருக்கும் நேரமில்லாமல் போனதே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

மேலே எங்கோ டக்கென்று ஒரு சத்தம். மேல்நோக்கிய அம்புக்குறி அணைந்தது. பஸ்ஸர் நின்றது. "அமுக்கிட்டாரு! சிவப்பை அமுக்கிட்டாரு!" என்று அந்தப் பெண்ணின் குரல் சுவரில் மோதி மோதி இறங்கி வந்தது.

"முடிஞ்சுதும்மா, வெளிய வா" என்றார் அத்தை.

என்னால் விரலை எடுக்க முடியவில்லை. அணைந்தது எல்லாம் நிஜமாகவே அணைந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை பச்சையைப் பார்த்திருக்கிறேன்! அத்தை கையை நீட்டி உள்ளே வரப் பார்த்தார். "வராதீங்க!" என்று கத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விரலைப் பிடுங்கி ஒரே தாவலாக வெளியே விழுந்தேன். லிஃப்ட் அப்படியே நின்றது.

தரையில் உட்கார்ந்து, அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் ஒரு கையால் குழந்தை வண்டியை ஆட்டிக்கொண்டே, மறுகையால் என் தலையைத் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து லிஃப்டையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே நான் எப்படி மேல போறது?" என்றார் சின்னக் குரலில். "போனாலும், திரும்பக் கீழ வர முடியாது, இல்ல?"

 கீழே விழுந்து கிடந்த போனில், "ஹலோ, ஹலோ, என்னம்மா ஆச்சு?" என்று பச்சையின் குரல் கேட்டது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"நின்னுடுச்சு சார். எல்லாரும் வெளிய இருக்கோம்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கதவு திறந்திருக்கிறது, பஸ்ஸர் அடிக்கிறது என்று மட்டும்தான் நான் சொன்னேன். பட்டனைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்று சாயங்காலம்வரை அது எனக்கே தெரியாது.

"சார், கைய எடுத்தா கிளம்பிடும்னு உங்களுக்கு எப்பவே தெரியுமா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் விடவில்லை.

"சொல்லுங்க சார்."

"யாரும் அவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நிக்க மாட்டாங்கன்னு நெனச்சேம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

"எங்க அத்தை நிப்பாங்க சார்" என்றேன். அதற்கு மேல் பேசினால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. 

"யாரு, உங்க ஆபீஸ் பெரியவரா? சிவப்புக் குமிழைச் சொன்னவரா?" அத்தை குனிந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். நான் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் காதில் வைத்துவிட்டார்.

"தம்பி, சரியான நேரத்துல சொன்னீங்க. இங்க ரெண்டு பச்சப்புள்ளைங்க இருந்துச்சு. உங்க புண்ணியம், நல்லா இருக்கணும் நீங்க" என்றார்.

பதில் வரவில்லை போலிருக்கிறது. அத்தை என்னைப் பார்த்து, "லைன்ல இருக்காரு, மூச்சு கேக்குது. பேச மாட்டேங்கறாரே" என்றார். பிறகு போனை இன்னும் காதோடு நெருக்கி, குழந்தையிடம் பேசுகிற குரலில், "அவசரமில்ல தம்பி, மெதுவாப் பேசுங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.